சென்னையில் சுற்றுச்சூழல் கொள்கையை ஆராய: ஓர் அரசாணையிலிருந்து தெருமுனை வரை

சுற்றுச்சூழல் கொள்கையை ஆராய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் ‘சென்னையின் நிலைத்த வளர்ச்சி’ போன்ற ஒரு தலைப்போடு வருகிறார்கள். முதுகலை மாணவர், குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செய்தியாளர் என்று யாராக இருந்தாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட தலைப்பில் கருத்தரங்கில் அரை மணி நேரம் பேசலாம். ஆய்வு செய்ய முடியாது. எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது, எப்போது முடிப்பது என்று எதையும் அது சொல்லித் தராது.

என் யோசனை எளிமையானது. ஒரே ஓர் ஆணையைக் கையில் எடுங்கள். அது தலைமைச் செயலகத்திலிருந்து கிளம்பி, துறை, மண்டல அலுவலகம், வார்டு என்று இறங்கி, ஒரு கடை வாசலையோ மொட்டைமாடிக் குழாயையோ வந்தடையும் வரை பின்தொடருங்கள். வழியில் எது உதிர்ந்தது, எது சேர்ந்துகொண்டது என்று குறித்துவையுங்கள். கொள்கை வடிவமைப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்வதெல்லாம் அந்தக் குறிப்புகளுக்குள் தானாக வந்துவிடும்.

முதல் படி: ஆணையைத் தேர்ந்தெடுப்பது

எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்குச் சில பெயர்கள் தருகிறேன். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்த 2018-ஆம் ஆண்டு அரசாணை. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்தும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் வந்த சட்டம். டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம்.

தேர்வுக்கு நான் மூன்று நிபந்தனைகள் வைப்பேன். ஆணை வந்து சில ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். நேற்று வந்த ஆணையில் எதிர்பார்ப்பை அளக்கலாமே தவிர விளைவை அளக்க முடியாது. அதன் விளைவை நீங்கள் மாநகரப் பேருந்தில் போய்க் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். ஏதாவது ஓர் அலுவலகம் அதைப் பற்றிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பலரும் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள்.

அறிவிப்பு வேறு, ஆணை வேறு என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தடையைப் பாருங்கள். 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று அது சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. சட்ட வலிமையுள்ள அரசாணை (நிலை) எண் 84 வெளியானது ஜூன் 25 அன்று. நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1. இந்த மூன்று தேதிகளில் எதைத் தொடக்கமாகக் கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் முடிவே மாறும். ஜூனிலேயே கடைக்காரர்கள் சரக்கைக் குறைத்திருந்தால், டிசம்பர் மாதத்தைத் ‘தடைக்கு முந்தைய நிலை’ என்று எடுத்துக்கொள்வது தவறாகிவிடும். ஆணையாக மாறாமலே போகும் அறிவிப்புகளும் உண்டு. அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால், ஆறு மாதம் கழித்துக் கையில் நாளிதழ் நறுக்குகள் மட்டுமே மிஞ்சும்.

இரண்டாம் படி: தாள்களைத் திரட்டுவது

அரசாணையின் முழு வாசகம், அதன் பின் வந்த திருத்தங்கள், அரசிதழில் வெளியான விதிகள் ஆகியவற்றை முதலில் சேருங்கள். பெரும்பாலானவை அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். பழையவற்றுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. அடையாறு காந்தி நகரிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் ஒருமுறையாவது உட்கார வேண்டிய இடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் வருவதற்கு முன் போய்விடுவது நல்லது.

புதியவர்கள் கண்ணில் படாத ஒரு புதையல் உண்டு. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும்போது, சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புதான் அது. ஐந்து ஆண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்து, உங்கள் திட்டத்தைப் பற்றிய பத்தியை மட்டும் படியுங்கள். ஆண்டு எண் மட்டும் மாறி அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் திட்டம் எங்கேயோ நின்றுவிட்டது என்று பொருள். ஒரு திட்டம் அடுத்த ஆண்டுக் குறிப்பில் காணாமல் போயிருந்தால் அங்கேதான் உங்கள் முதல் கேள்வி பிறக்கிறது. சுற்றுச்சூழல் துறை 2021-இல் ‘சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை’ என்று பெயர் மாறியது. தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். சட்டமும் இப்படி மாறும். சென்னை மாநகராட்சிக்கு இருந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 1998-இல் இயற்றப்பட்டுக் கிடப்பில் கிடந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல் அதன் இடத்துக்கு வந்தது. பழைய கட்டுரைகளில் வரும் பிரிவு எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் வழக்கறிஞர் யாராவது முதல் பக்கத்திலேயே உங்களை நிறுத்திவிடுவார்.

உங்கள் பொருள் ஒரே துறைக்குள் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இந்த நிலத்தில் காப்புக்காடாக உள்ள பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. அதை ஒட்டியுள்ள பெருங்குடிக் குப்பை வளாகம் மாநகராட்சியிடம். சுற்றிலும் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவதில் பங்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு. சுற்றியுள்ள ஏரிகளும் உபரிநீர்க் கால்வாய்களும் பெரும்பாலும் நீர்வளத் துறையின் கணக்கில். ஒரே தண்ணீர் நாலு கோப்புகளில் ஓடுகிறது. இந்த அலுவலகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, யாரிடமிருந்து யாருக்குக் கடிதம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அம்பே இல்லாத இடங்கள் தெரியவரும்.

மூன்றாம் படி: ஆணையைப் படிப்பது

ஆணையை ஒருமுறை வாசித்துவிட்டு நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யார் செய்ய வேண்டும்? செய்தாரா என்று யார் பார்க்க வேண்டும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்கான செலவு யாருடையது? பெரும்பாலான ஆணைகள் முதல் கேள்விக்குத் தெளிவாகவும், மூன்றாவதற்கு உரத்த குரலிலும், மற்ற இரண்டுக்கும் முணுமுணுப்பாகவும் பதில் சொல்லும்.

பிளாஸ்டிக் அரசாணையின் பட்டியலில் 14 வகைப் பொருள்கள் இருக்கின்றன. உணவைக் கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மக்கோல் தட்டு, டீ கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கொடி, எந்த அளவு எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பை. பட்டியலின் நடுவே நான்-ஓவன் பையும் இருக்கிறது. துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் தருவார்களே, தொட்டால் துணி போலவே இருக்கும், கிழித்தால் நூல் பிரியாது, அதுதான். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனில் செய்வது. வாங்குகிறவர் அதைத் துணிப்பை என்று நினைக்கிறார். கடைக்காரர் ‘துணிப்பைக்கு மாறிவிட்டோம்’ என்று பலகை வைக்கிறார். ஆணையின்படி அதுவும் தடை செய்யப்பட்ட பொருள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அப்படியே.

ஒன்றிய அரசின் விதிகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்னும் சுவை கூடும். ஒன்றிய விதிகளின்படி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் தடிமனுக்குக் குறையாத கைப்பை செல்லும். சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாத நான்-ஓவன் பையும் செல்லும். மாநில ஆணையின்படி இரண்டும் செல்லாது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேப்பர் கப் மீதான தடையை உறுதி செய்தது. நான்-ஓவன் பையைப் பொறுத்தவரை ஒன்றிய விதிகளைக் கணக்கில் கொண்டு மறுபரிசீலனை செய்யும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொன்னது. கடையில் தொங்கும் ஒரு பைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. நகரம் முழுவதையும் அளக்கப் போகாமல் இந்த ஒரு பையை மட்டும் எடுத்து முதுகலை ஆய்வேடு எழுதலாம்.

தடை என்பது பல கருவிகளில் ஒன்று மட்டுமே. அதோடு ஒப்பிட டாஸ்மாக் பாட்டில் திட்டம் மிகப் பொருத்தமானது. காட்டில் உடைந்து கிடந்த கண்ணாடி, யானைகளின் காலைக் கிழித்த பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய திட்டம் அது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். இங்கே கண்காணிப்பாளர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும் 10 ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார். ஆனால் வேலை கடை ஊழியர் தலையில் விழுகிறது. பாட்டில்களை வைக்க இடமில்லை, ஆளில்லை என்று ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. நான்காவது கேள்வியான ‘செலவு யாருடையது’ என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

நான்காம் படி: தகவல் கேட்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியும் கொடுக்கலாம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது கேள்வி எழுதும் கலை.

‘பிளாஸ்டிக் தடை ஏன் சரியாக அமல்படுத்தப்படவில்லை?’ என்று கேட்டால், ‘தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதிலில் தவறும் இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே தாளாக, பதிவேடாக, கோப்பாக இருப்பதைக் கேளுங்கள். இப்படி:

‘அரசாணை (நிலை) எண் 84, நாள் 25.06.2018-இன் கீழ், தங்கள் மண்டலத்தில் 01.01.2019 முதல் இன்று வரை பறிமுதல் செய்யப்பட்ட பொருள்களின் எடை, விதிக்கப்பட்ட அபராதம், வசூலான தொகை ஆகியவற்றை மாதவாரியாகக் காட்டும் பதிவேட்டின் நகல் தருக. பறிமுதல் செய்த பொருள்கள் எவ்வாறு அகற்றப்பட்டன என்பதைக் காட்டும் ஆவணத்தின் நகல் தருக.’

ஆணை எண், தேதி, எல்லை, காலம், ஆவணத்தின் வகை என ஐந்தும் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். இருபது கேள்வி அனுப்பினால் எளிதான நான்குக்குப் பதில் வரும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதைவிட மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் பலன் தரும், ஏனென்றால் பதிவேடு அங்கேதான் இருக்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம், நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கோப்பை நேரில் பார்வையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. நகலைவிட இது மேலானது. கோப்பின் இடப்பக்கக் குறிப்புகளில்தான் ஒரு முடிவு எப்படி நகர்ந்தது, யார் தயங்கினார், நிதித் துறை எதைக் கேட்டது என்பதெல்லாம் இருக்கும். போகும்போது பிரிவில் உட்கார்ந்திருப்பவரைப் பகையாளியாகப் பார்க்காதீர்கள். வணக்கம் சொல்லி, என்ன படிக்கிறீர்கள் என்று சொன்னால், ‘சார், நீங்க கேட்கிறது இந்தக் கோப்பு இல்லை, அதோ அந்தக் கோப்பு’ என்று எடுத்துத் தருகிற எழுத்தர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: எண்களைச் சந்தேகிப்பது

சென்னையில் பொதுவெளியில் கிடைக்கும் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஏரிகளின் நீர்இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. மழை அளவு வானிலை ஆய்வு மையத்திடம். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் காற்றின் தரத்தை அளக்கும் தானியங்கி நிலையங்கள் உண்டு. கிடைத்ததும் வரைபடம் போடும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள்.

பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி. நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257. நெடுங்காலம் இதுதான் கணக்கு. 2020-இல் கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு 500 சேர்ந்தது. வீராணத்தின் 1,465-ஐயும் சேர்த்து 13,222 என்று சில செய்திகளில் வரும். ‘ஏரிகளில் 60 சதவீதம் நீர் இருப்பு’ என்று 2018-இல் வந்த செய்தியையும் இப்போது வரும் செய்தியையும் ஒப்பிடுமுன் எதில் 60 சதவீதம் என்று பாருங்கள்.

மழையும் இப்படித்தான். நுங்கம்பாக்கத்தில் பெய்தது மீனம்பாக்கத்தில் பெய்யாது. எந்த நிலையத்தின் அளவு என்று சொல்லாத மழைக் கணக்கை நான் நம்புவதில்லை. காற்றில் பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 5. ஒரே காற்று ஒரு கணக்கில் தேர்ச்சி, இன்னொன்றில் தோல்வி. எந்த வரம்பை வைத்து எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். அளவீடு விடுபட்ட நாள்கள் எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்ததும் சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது, ஆகவே சட்டம் வெற்றி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சட்டம் வந்த 2003 வறட்சிக் காலம். 2004-இல் புதிய வீராணம் திட்டத்துத் தண்ணீர் வந்தது. 2005-இல் மழை கொட்டித் தீர்த்தது. வறட்சியின் அடிமட்டத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் எது செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், கோடு மேலேதான் போகும். அதற்காகச் சட்டத்தால் பயனில்லை என்று சொல்லவில்லை; பயனை இந்தக் கோட்டை வைத்து நிரூபிக்க முடியாது என்கிறேன். ஒரே மண், ஒரே மழை உள்ள இரண்டு தெருக்களில், சேகரிப்பு ஒழுங்காக நடப்பது ஒன்று, நடக்காதது இன்னொன்று என்று தேர்ந்தெடுத்துக் கிணறுகளை அளந்தால் ஏதாவது சொல்லலாம். வேலை அதிகம்தான். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் அனேகமாக வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருத்தெருவாகக் குடங்கள் வரிசையில் நின்றபோது, பழைய வெற்றிக் கட்டுரைகளைப் பிரித்துப் படித்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரிந்திருக்கும்.

ஆறாம் படி: தெருவில் இறங்குவது

மழைநீர் சேகரிப்பையே எடுத்துக்கொண்டு ஒரு தெருவில் நடப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடியிலிருந்து பி.வி.சி. குழாய் இறங்குகிறது. அது தரையை எட்டும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சில இடங்களில் அது குழிக்குள் போகும். சில இடங்களில் குழிக்கு ஒரு சாண் முன்பே வெட்டப்பட்டு, வாசல் சிமென்ட் தரையில் தண்ணீரைக் கொட்டும். அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து மழைநீர் வடிகால். குழியின் மூடி இருக்கிறதா, டைல்ஸ் ஒட்டும்போது மேலே பூசிவிட்டார்களா? திறக்க முடிந்தால், ஜல்லிக்கு மேல் எத்தனை விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது? மூடியைத் திறந்து தரச் சொன்னால் காவலாளி சிரிப்பார். சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், மூடி கடைசியாக எப்போது திறந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கேள்வியை எப்படி வைக்கிறீர்கள் என்பது முக்கியம். ‘உங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா?’ என்றால் ஏறக்குறைய எல்லோரும் ‘இருக்கிறது’ என்பார்கள். சட்டப்படி இல்லாமல் இருக்க முடியாதே! ‘கடைசியாகத் தூர் வாரியது எப்போது? யார் வந்தார்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். தூர் வாரியவருக்கு ஆளும் நினைவிருக்கும், கூலியும் நினைவிருக்கும். வாராதவர் ‘போன வருஷம்... இல்லை, அதற்கு முந்தின வருஷம்’ என்று இழுப்பார். கட்டாவிட்டால் மாநகராட்சியே கட்டிக்கொடுத்துச் செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று சட்டம் சொன்னது. கட்டிய பிறகு பராமரிப்பை ஆண்டுதோறும் பார்க்க வேண்டியவர் யார் என்று ஆணையில் தேடிப் பாருங்கள். மூன்றாம் படியின் இரண்டாவது கேள்வியான ‘யார் பார்க்க வேண்டும்’ என்பது இங்கே மூடியின் மேல் பூசிய சிமென்ட்டாகக் கிடக்கிறது.

மண்ணையும் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல்; சிறிய கசிவுக் குழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் களிமண்; அதே குழி நிரம்பி நிற்கும், களிமண் அடுக்கைத் தாண்டி ஆழமாக இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பாறை தட்டுப்படும். ஒரே வரைபடத்தை நகர் முழுவதும் பின்பற்றியிருந்தால் எங்கே தோற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கொள்கை வடிவமைப்பில் நான் பார்த்தவரை அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இதுதான்: ஆணை நகரத்துக்கு, மண் தெருவுக்கு.

வடசென்னைக்கு, குறிப்பாக எண்ணூர்ப் பக்கத்து மீனவக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நாகரிகத்தோடு போக வேண்டும். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய், யார், எங்கிருந்து வருகிறோம், எதற்காகக் கேட்கிறோம், பதிலை வைத்து என்ன செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு, அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் கேமராவோடு ஆள்கள் வந்து போயிருக்கிறார்கள். ‘எழுதிக்கிட்டுப் போறீங்க, அப்புறம் திரும்பியே வர மாட்டீங்களே’ என்று அண்ணன்மார் கேட்டால் மறுத்துப் பேசாதீர்கள். வலை இழுக்கும் நேரத்தில் நிறுத்திப் பேட்டி எடுக்காதீர்கள். ஆய்வு முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போய்ப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தம் பேராசிரியர் சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும்.

ஏழாம் படி: தீர்ப்பாயமும் கருத்துக் கேட்புக் கூட்டமும்

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இயங்குகிறது. அதன் உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கும். வழக்கில் யார் வென்றார் என்பதைவிட, துறைகள் தாக்கல் செய்யும் அறிக்கைகளும் கூட்டுக் குழு அறிக்கைகளும் நமக்கு முக்கியம். தகவல் உரிமையில் கேட்டால் ‘இல்லை’ என்று வரும் எண் தீர்ப்பாயத்தில் பிரமாணப் பத்திரமாக வந்து நிற்கும். 2015 வெள்ளம் பற்றி 2017-ஆம் ஆண்டறிக்கையாக வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையையும் இதே காரணத்துக்காகப் படியுங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் திறந்துவிட்டதில் தொடங்கி ஆக்கிரமிப்பு, கட்டட அனுமதி வரை கோப்பு கோப்பாகப் பார்த்து எழுதியது. தணிக்கையாளர் கேள்வி கேட்கும் முறையை அப்படியே கற்றுக்கொள்ளலாம்.

கோட்பாடு தேவைப்படுகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நிலைத்த வளர்ச்சியோடு சேர்த்து இவ்விரண்டையும் எழுத்திலேயே வைத்துவிட்டது.

பெரிய திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்னறிவிப்பு. மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் ஒருவர் தலைமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு. ஒரு கூட்டத்துக்காவது போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். போகுமுன் தமிழில் தரும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாமல், முழு அறிக்கையில் அடிப்படைத் தரவு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பொதுவாக மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்து அளவீடே போதும் என்று வைத்திருக்கிறார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெள்ளத்துக்கு அஞ்சும் ஊரில், மார்ச்சிலிருந்து மே வரை அளந்து எழுதிய வடிகால் அத்தியாயத்தை எப்படிப் படிப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எட்டாம் படி: எழுதுவதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்

‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’, ‘துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் உங்கள் பரிந்துரைப் பகுதியிலிருந்து அடித்துவிடுங்கள். அடித்த பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் இன்னும் ஆய்வு முடியவில்லை. பரிந்துரை என்றால் எந்த விதியில் எந்த வரி மாற வேண்டும், எந்த அலுவலர் செய்ய வேண்டும், பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று இருக்க வேண்டும். ‘சொத்து வரி மறுமதிப்பீட்டுக்குப் போகும் அலுவலர் மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து படம் எடுத்து இணைக்க வேண்டும்’ என்பது பரிந்துரை. நல்லதா கெட்டதா என்று அதை வைத்து யாராவது சண்டையாவது போட முடியும்.

நேரமும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு வடிகால் பற்றி எழுதிக் கொடுத்தால் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. நிதிநிலை அறிக்கைக்கும் மானியக் கோரிக்கைக்கும் சில மாதங்கள் முன்பாகத் துறைக்குக் கொடுங்கள். மாமன்ற உறுப்பினருக்கும் ஒரு படி போகட்டும். 200 வார்டுகளில் உங்கள் வார்டின் பகுதி சபை (பகுதிவாசிகள் கூடிப் பேசும் கூட்டம்) கூடும் நாளைத் தெரிந்துகொண்டு அங்கேயும் பேசலாம்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரைவு விதிகள் அரசிதழில் வெளியானால் ஆட்சேபங்களுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கடிதத்தை வசைபாடவோ பாராட்டவோ பயன்படுத்தாமல், வரைவின் பிரிவு எண்ணைப் போட்டு, இப்போதுள்ள வாசகத்தை எழுதி, அதன் கீழே நீங்கள் முன்மொழியும் மாற்று வாசகத்தை எழுதி, இரண்டே வரியில் சென்னையில் நீங்கள் கண்ட சான்றைச் சேருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு படிகள் அனுப்புங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். இறுதி விதி வெளியாகும்போது, வந்த ஆட்சேபங்களும் அவற்றின் மீது எடுத்த முடிவும் அடங்கிய கோப்பைக் கேட்டு அடுத்த தகவல் உரிமை விண்ணப்பத்தை எழுத அது வேண்டியிருக்கும்.